நாள்பட்ட வலியோடு யோகா தொடங்குவது எப்படி

இடுப்பு வலி வந்து இரண்டு வருடம் கழித்துத்தான் நான் யோகா பக்கம் போனேன். முதல் நாள் உடம்பு கொஞ்சம் லேசாக இருந்தது. அந்த உற்சாகத்தில் முக்கால் மணி நேரம் செய்தேன். குனிந்து கால் கட்டைவிரலைத் தொட்டுவிட்டேன் என்று பெருமை வேறு. அடுத்த இரண்டு நாள் கட்டிலை விட்டு எழுந்திருக்க இன்னொருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. நமக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று விரிப்பைச் சுருட்டி ஐந்து மாதம் மூலையில் போட்டுவிட்டேன்.

அப்புறம்தான் தெரிந்தது, நான் தேர்ந்தெடுத்த ஆசனங்களில் பெரிய தப்பில்லை, அளவில்தான் தப்பு. நல்ல உடம்புக்காரர் யோகா கற்றுக்கொள்வதும் வலிக்காரர் கற்றுக்கொள்வதும் ஒன்றல்ல. இந்தக் கட்டுரை முழுக்க அந்த அளவைப் பற்றியதுதான். ஆசனங்கள் நடுவில் வரும்.

தொடங்குமுன் மருத்துவரிடம்

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, அல்லது திரும்பத் திரும்ப வருகிற வலியைத்தான் மருத்துவத்தில் நாள்பட்ட வலி என்கிறார்கள். உங்கள் வலிக்கு என்ன காரணம் என்று ஒருமுறையாவது மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் விரிப்பை வாங்காதீர்கள்.

சில அறிகுறிகள் இருந்தால் யோகாவைப் பற்றிய பேச்சே வேண்டாம், உடனே மருத்துவமனை. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போவது, கால் நாளுக்கு நாள் பலமிழப்பது ஆகியவை அவசரம். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, ஓய்விலும் இரவிலும் விடாத வலி, விழுந்த பிறகு தொடங்கிய வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முதுகை வளைத்து முன்னால் குனியும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும், முதுகெலும்பு நசுங்கி முறியும் ஆபத்து உண்டு. கண் அழுத்த நோய் இருப்பவர்கள் தலை கீழே போகும் எதையும் செய்யக் கூடாது. கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், கர்ப்பம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, மாற்று மூட்டு இவற்றில் எது இருந்தாலும் எதைத் தவிர்க்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. யோகா தொடங்கிவிட்டோம் என்பதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நரம்பு வலிக்கான சில மருந்துகளையும் மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்துகளையும் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன்பாக முயன்று பார்க்க வேண்டியவற்றில் ஒன்றாக யோகாவையும் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சேர்த்தது. அதே ஆண்டு வந்த ஓர் ஆய்வில் 320 பேர் கலந்துகொண்டார்கள். 12 வாரம் யோகா வகுப்புக்குப் போனவர்கள், பிசியோதெரபிக்குப் போனவர்களுக்குச் சளைக்கவில்லை. அதே சமயம், மருத்துவ ஆய்வுகளை அலசி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2022-இல் 21 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது, பலன் சிறியது என்பதுதான். நடமாட்டம் கொஞ்சம் மேம்படுகிறது, வலியும் கொஞ்சம் குறைகிறது. முதுகுக்கான மற்ற உடற்பயிற்சிகளைவிட யோகா உசத்தி என்று சொல்ல அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. சிலருக்கு முதுகுவலி கூடியதும் பதிவாகியிருக்கிறது.

ஆக, வலியை வேரோடு பிடுங்கும் வித்தை இது இல்லை. வலி இருக்கும்போதே நடமாட, தூங்க, வேலை பார்க்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி. அதுவும் இரண்டு வாரத்தில் தெரியாது. மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து உடம்பை அசைக்காமல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு 2015-இல் வந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க், அதாவது முதுகெலும்புத் தட்டு, தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் அது 96 சதவீதம். தேய்மானம் என்ற சொல் ரிப்போர்ட்டில் இருப்பதாலேயே குனியவோ நிமிரவோ கூடாது என்று ஆகிவிடாது. வலி பல மாதம் நீடித்தால் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுகிறது. சின்ன அசைவுக்குக்கூட அபாயமணி அடிக்கிறது. அடுப்புப் புகைக்கெல்லாம் அலறும் தீ எச்சரிக்கைக் கருவி மாதிரி. மணி அடிப்பது பொய்யில்லை, வலி நிஜம்தான். ஆனால் அடிக்கும் ஒவ்வொரு முறையும் வீடு எரியவில்லை. அந்த மணியைத் தொந்தரவு செய்யாத அளவுக்குச் சின்னதாக அசைந்து, இந்த அசைவில் ஆபத்தில்லை என்று உடம்புக்குத் திரும்பத் திரும்பக் காட்டுவதுதான் வேலை.

உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள்

வலிக்காரர்கள் எல்லோருக்கும் பழக்கமான சுழற்சி ஒன்று உண்டு. நல்ல நாள் வந்தால் விட்டுப்போன வேலையெல்லாம் ஒரேயடியாகச் செய்வது, அப்புறம் மூன்று நாள் படுப்பது, திரும்ப நல்ல நாள் வந்ததும் அதையே செய்வது. நான் முதல் நாள் செய்ததும் அதேதான். இந்தச் சுழற்சியை உடைக்க ஒரு சின்னக் கணக்கு போதும்.

ஓர் எளிய அசைவை எடுத்துக்கொள்ளுங்கள். வலி கூடத் தொடங்கும்வரை எத்தனை முறை செய்ய முடிகிறது என்று மூன்று நாள் எண்ணுங்கள். 8, 4, 6 என்று வந்தால் சராசரி 6. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் ஏறக்குறைய 5. அதுதான் உங்கள் தொடக்க அளவு. நல்ல நாளிலும் 5, சுமாரான நாளிலும் 5. நல்ல நாளில் 5-இல் நிறுத்துவதுதான் இதில் உண்மையிலேயே கஷ்டமான பகுதி. எனக்கு இன்றைக்கும் கை அரிக்கும்.

வாரத்துக்கு ஒரு முறை கூட்டுங்கள், அதுவும் ஏதாவது ஒன்றை மட்டும். ஒரு தடவை கூடுதலாகச் செய்யலாம், அல்லது ஒரு மூச்சு அதிகம் நிற்கலாம். இரண்டையும் சேர்த்துக் கூட்டினால், வலி வந்தபோது எதனால் என்று தெரியாது.

சரியாகச் செய்தோமா என்பதை அன்றைக்கே முடிவு செய்ய வேண்டாம். மறுநாள் காலைதான் தீர்ப்பு. செய்து முடித்தபின் வலி லேசாகக் கூடி, 24 மணி நேரத்துக்குள் வழக்கமான அளவுக்கு இறங்கிவிட்டால் பரவாயில்லை, அதே அளவில் தொடரலாம். இறங்கவில்லை என்றால் அளவைப் பாதியாக்குங்கள்.

எந்த வலி சரி, எந்த வலி கூடாது

நம் மொழியில் வலிக்குச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. குடைச்சல், குத்தல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, எரிச்சல், பிடிப்பு, விண்விண். விரிப்பில் இருக்கும்போது இந்தச் சொற்கள் பெரிய உதவி. ‘வலிக்கிறது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தசையில் பரவலாக, மந்தமாக வரும் இழுப்பு இருக்கலாம். மூச்சு விட விட அது தளர்கிறதா என்று பாருங்கள். சுரீர் என்றோ, மின்சாரம் அடித்த மாதிரியோ, ஒரு புள்ளியில் ஊசி குத்தியது போலவோ வந்தால் உடனே வெளியே வாருங்கள். மூட்டுக்குள் கிள்ளுவது போலிருந்தாலும் அப்படியே. மரத்துப்போதல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு கூடினாலும் நிறுத்துங்கள். பழைய உளைச்சல் அப்படியே இருக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை என்றால் தொடரலாம்.

இன்னும் நம்பகமான அளவுகோல் மூச்சு. மூச்சு அடைபட்டாலோ, பல்லைக் கடித்தாலோ, முகம் சுளித்தாலோ எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். ஆசனம் என்பது ஸ்திரமாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்றுதான் யோக சூத்திரத்தில் பதஞ்சலி சொன்னார். எவ்வளவு வளைய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

பயிற்சி

கையில் இருக்க வேண்டியவை: வழுக்காத விரிப்பு, கையில்லாத உறுதியான நாற்காலி, இரண்டு போர்வை, ஒரு தலையணை, அப்புறம் ஒரு சுவர். போர்வையும் நாற்காலியும் வைத்துச் செய்வதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்காதீர்கள். புகழ்பெற்ற யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் கட்டை, கயிறு, நாற்காலி, பட்டை என்று அத்தனையையும் ஆசனத்துக்குள் கொண்டுவந்தவர்.

முதல் இரண்டு வாரம் இதில் முதல் இரண்டை மட்டும் செய்யுங்கள், பத்து நிமிடம் போதும். காலையில் எழுந்ததும் வேண்டாம். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புத் தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், அப்போது குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் அதிகம். எழுந்து ஒரு மணி நேரமாவது நடமாடிவிட்டுச் செய்யுங்கள்.

*மூச்சு.* மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்கள் இரண்டையும் நாற்காலியின் இருக்கைமேல் வையுங்கள். தலைக்கடியில் மடித்த போர்வை. ஒரு கை வயிற்றில். மூக்கால் மூச்சை இழுக்கும்போது வயிறு மெல்ல எழ வேண்டும், விடும்போது இறங்க வேண்டும். மூன்று எண்ணும் நேரம் இழுத்து, நான்கு எண்ணும் நேரம் விடுங்கள். பழகியபின் நான்குக்கு ஆறு. விநாடிக்கு ஓர் எண் என்றால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். சாதாரணமாக நாம் விடுவது 12 முதல் 20. இப்படி மெதுவாக, விடும் மூச்சை நீட்டி விடும்போது இதயத் துடிப்பு தணிந்து உடம்பு ஓய்வு நிலைக்குத் திரும்புகிறது. மூச்சை அடக்கவே வேண்டாம். சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே படபடப்பு வரும். அப்படியானால் அதை விட்டுவிட்டு, நாற்காலியில் கால் அழுந்தும் உணர்வைக் கவனியுங்கள், அதுவும் பலன் தரும்.

*மார்ஜாரி ஆசனம், நாற்காலியில்.* நாற்காலியின் முன்விளிம்பில் உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கைகளைத் தொடைமேல் வையுங்கள். மூச்சை இழுத்தபடி நெஞ்சை முன்னால் நகர்த்துங்கள். விட்டபடி முதுகைப் பின்னால் வளைத்துத் தாடையைத் தாழ்த்துங்கள். பாதித் தூரம் போதும், பூனை சோம்பல் முறிக்கிற அளவுக்கு வேண்டாம். மணிக்கட்டும் முழங்காலும் ஒத்துழைத்தால் சில வாரம் கழித்து நான்கு காலில் இதையே செய்யலாம். மணிக்கட்டு வலித்தால் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள்.

*உங்கள் முதுகுக்குப் பிடித்த திசை.* இடுப்பு வலிக்காரர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. உட்கார்ந்தாலும் குனிந்தாலும் வலி கூடி, நடந்தால் தேவலை என்றால் உங்கள் முதுகுக்குப் பின்வளைவு ஒத்துவரலாம். மகராசனத்தில் குப்புறப் படுத்து இரண்டு நிமிடம் இருங்கள். அது சரியாக இருந்தால் முழங்கைகளை ஊன்றி நெஞ்சை லேசாக உயர்த்துங்கள், புஜங்காசனத்தின் கால்வாசி என்று வைத்துக்கொள்ளலாம். மாறாக, நிற்கவும் நடக்கவும்தான் முடியவில்லை, உட்கார்ந்தால் சுகம் என்றால் முன்வளைவு ஒத்துவரலாம். மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மட்டும் நெஞ்சுப் பக்கம் கொண்டுவாருங்கள், மூன்று மூச்சு, பிறகு அடுத்த கால்.

கால்வரை வலி இறங்குபவர்கள் ஒன்றைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆசனத்தின்போது வலி கெண்டைக்காலிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து இடுப்புக்கு என்று மேலே சுருங்கினால் நல்ல அடையாளம், இடுப்பில் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. வலி கீழ்நோக்கி நீண்டால் அந்தத் திசை வேண்டாம்.

*சேது பந்தாசனம்.* மல்லாந்து, முழங்கால் மடக்கி, பாதங்களை இடுப்பகலத்தில் வையுங்கள். மூச்சை விட்டபடி இடுப்பை நான்கு விரல் உயரம் மட்டும் தூக்குங்கள். இரண்டு மூச்சு இருந்து, மெதுவாக இறக்குங்கள். படத்தில் இருப்பதுபோல் வில்லாக வளைய வேண்டியதில்லை. பிட்டத் தசையும் தொடையும் பலப்படுவதுதான் நோக்கம். நீட்டுவதிலேயே குறியாக இருந்து பலத்தை மறந்துவிடுகிறோம். வலிக்காரர்களுக்குப் பெரும்பாலும் பலம்தான் முதலில் வேண்டும்.

*நாற்காலியிலிருந்து எழுவது.* இதையும் உத்கடாசனத்தின் ஒரு வடிவம் என்றே கொள்ளலாம். கால்களை ஊன்றி, மூச்சை விட்டபடி எழுந்து, சுவருக்கு முதுகு காட்டித் தாடாசனத்தில், அதாவது நேராக நிமிர்ந்து, மூன்று மூச்சு நின்று, மெல்ல உட்காருங்கள். முழங்கால் பாதவிரல்களின் நேரே போகட்டும், உள்பக்கம் சாயக் கூடாது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் உயரமான இருக்கையில் தொடங்குங்கள்.

*சவாசனம்.* எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். முழங்காலுக்கடியில் தலையணை. மல்லாந்து படுக்க முடியாதவர்கள் ஒருக்களித்து, கால்களுக்கு நடுவில் தலையணை வைத்துக்கொள்ளலாம். வலியால் தூக்கம் கெட்டவர்கள் இரவில் இதையே யோக நித்திரையாக நீட்டலாம். பாதத்திலிருந்து தலைவரை ஒவ்வொரு உறுப்பாக மனத்தைக் கொண்டுபோவதுதான் அது. வலிக்கும் இடத்துக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிடாமல், வலிக்காத இடம் ஒன்றுக்கு, காதுமடலோ உள்ளங்கையோ, போய்விட்டுத் திரும்புங்கள்.

கழுத்து வலிக்காரர்களுக்கு ஒரு வரி: தலையைச் சுழற்றுவது, சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் எதுவும் வேண்டாம். மெதுவாக இடமும் வலமும் திரும்பிப் பார்ப்பது போதும். முடக்குவாதக்காரர்கள் மூட்டு வீங்கிச் சுடும் நாளில் அந்த மூட்டை விட்டுவிடுங்கள். மூட்டுகள் இயல்புக்கு மீறி வளைபவர்கள் கடைசிவரை நீட்டாமல் சற்று முன்னாலேயே நிறுத்துங்கள். உங்களுக்கு ஆசனம் சுலபமாக வரும், ஆபத்தும் அதில்தான்.

வலி முற்றும் நாளில்

அந்த நாள் வரும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது காரணமே இல்லாமலும் வரும். அன்றைக்கு என்ன செய்வது என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி ஒட்டிவைப்பது நல்லது, வலியின் நடுவில் யோசனை ஓடாது. என் தாளில் இருப்பது இவ்வளவுதான்: கால்களை நாற்காலியில் வைத்து மூன்று நிமிடம் மூச்சு, கணுக்காலைப் பத்து முறை மடக்கி நீட்டுவது, வீட்டுக்குள் ஒரு நடை. மூன்றும் முடியாவிட்டால் மூச்சு மட்டும்.

முழுக்க விட்டுவிட்டால் திரும்பத் தொடங்கும்போது பயம்தான் முதலில் வந்து உட்காரும். மூன்று நிமிடமாவது செய்தால் அதற்கு இடமில்லை. முற்றிய வலி தணிந்ததும் பழைய அளவில் பாதியிலிருந்து தொடங்கி, ஒரு வாரத்தில் பழைய இடத்துக்கு வரலாம்.

ஆசிரியர்

முடிந்தால் முதல் சில வாரம் தனியாகவோ சின்னக் குழுவிலோ கற்றுக்கொள்ளுங்கள். வலி எங்கே, எவ்வளவு நாளாக, எதைச் செய்யக் கூடாது என்று வகுப்புக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அவர் திருப்பிக் கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள். ‘எது செய்தால் வலி கூடுது?’ என்று கேட்பவர் நல்லவர். ‘வலித்தால்தான் பலன்’ என்பவரிடமிருந்தும், முதுகில் கைவைத்து அழுத்துபவரிடமிருந்தும், ‘மாத்திரையெல்லாம் நிறுத்திடுங்க’ என்பவரிடமிருந்தும் கிளம்பிவிடலாம், மரியாதைக்காக உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து விரிப்பில் இருப்பவர் எவ்வளவு வளைகிறார் என்று பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். நான் அதை விடுவதற்கே ஒரு வருடம் ஆனது.

நோட்டு

ஒரு நோட்டுப் போடுங்கள். தினமும் இரண்டே வரி: என்ன செய்தேன், மறுநாள் காலை எப்படி இருந்தது. வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டுக்கொண்டே இருந்தால் மனம் அதிலேயே சுற்றும், வாரத்துக்கு ஒரு முறை போதும். அதற்குப் பதில் செய்ய முடிந்த காரியங்களை எழுதுங்கள். மாடிப்படி நிற்காமல் ஏறினேன், நாற்பது நிமிடம் உட்கார்ந்தேன், இரவில் ஒரு முறைதான் விழித்தேன். வலி எண் மாறுவதற்கு முன்பே இந்த வரிகள் மாறக்கூடும்.

பன்னிரண்டாவது வாரம் நோட்டை முதலிலிருந்து படியுங்கள். எதுவுமே மாறவில்லை என்றால் உங்கள் மேலும் தப்பில்லை, யோகா மேலும் தப்பில்லை. நடை, நீச்சல், பிசியோதெரபி என்று வேறு வழிகள் இருக்கின்றன. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எந்த அசைவு எந்தத் திசையில் எத்தனை முறைக்குமேல் வலியைக் கூட்டுகிறது என்று மூன்று மாதக் கணக்கு கையில் இருக்கிறதே, அடுத்து என்ன செய்யலாம் என்று அவர் யோசிக்க அது உதவும்.